கோடை வானிலையும் முன்னறிவிப்பும்
(ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

கோடை வெயிலைப் பற்றிக் கிராமவாசிகளுக்குப் புதிதாகப் போதிப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். சித்திரை, வைகாசி மாதங்களின் வெப்பம் இந்நாட்டாருக்குத் தொன்றுதொட்டுப் பழகியதே. எனினும், ஒவ்வொரு கோடையிலும் வயலில் மயங்கி விழுவோரும், களத்து நெல்லை மழைக்குப் பறிகொடுப்போரும், இடியினால் மாடிழப்போரும் இருந்துகொண்டேயிருக்கின்றனர். இந்நஷ்டங்களில் பெரும்பகுதி, வானிலை அறிக்கையைச் சரியாகப் படித்து, அதற்கேற்ப வேலை நேரத்தை அமைத்துக்கொள்வதால் தவிர்க்கத்தக்கது. அதற்கு வேண்டிய அறிவைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இது கூட்டுறவுச் சங்கத்தின் காரியமா என்ற சந்தேகத்திற்கும் விடை கூறல் தகும். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டபோது, அக்காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் முதற் சங்கங்களுள் ஒன்று நிறுவப்பட்டது. குடியானவரை அநியாய வட்டியினின்று மீட்பதே அதன் நோக்கம். குடும்பத்தில் உழைப்பவர் ஒருவர் வெப்பத்தால் பாயில் வீழ்ந்தாலும், அறுத்த நெல் நனைந்து முளைவிட்டாலும் அக்குடும்பம் கடனை நோக்கியே செல்லும். ஆதலின், வானிலையால் நேரும் நஷ்டத்தைத் தடுப்பது கடனைத் தடுக்கும் வேலையேயாகும்.

1. இவ்வட்டாரத்தின் இருப்பு

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் வங்கக் கடலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 30 முதல் 35 கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ளன. இவ்வூர்கள் முழுக்கக் கடற்கரையும் அல்ல. வேலூரைப் போன்று முழுக்க உள்நாடும் அல்ல. இரண்டின் குணங்களும் இங்கே கலந்திருக்கின்றன. முற்பகலில் உள்நாட்டின் வறண்ட வெப்பமும், பிற்பகலுக்குப் பின் கடற்கரையின் ஈரப் புழுக்கமும் ஒரே நாளில் வந்து சேர்வது இவ்விருப்பின் பயனே.

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரியை அடைகின்றது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் முதலிய இடங்களில் தொழிற்பேட்டைகள் அமைந்தபின், பயிரும் மரமும் நின்ற பல நிலங்களில் இன்று தார்ச்சாலையும் கான்கிரீட் தரையும் தகரக் கூரையும் காணப்படுகின்றன. இவை பகலெல்லாம் வெப்பத்தை உட்கொண்டு இரவில் வெளிவிடுகின்றன. ஒரே வீட்டில் தந்தை வயலுக்கும், மகன் தொழிற்சாலைக்கும், மகள் இரவு வேலைக்கும் செல்லும் குடும்பங்கள் இப்போது பல. வானிலை அறிக்கை இம்மூவருக்கும் பயன்பட வேண்டியதாயிருக்கிறது.

2. கடற்காற்றின் வேலை

சூரியனால் நிலம் விரைவில் சூடாகின்றது. கடல் மெதுவாகவே சூடாகின்றது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பத்தால் இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்புவதற்குக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகின்றது. இதுவே கடற்காற்று. சென்னைக் கரையில் மே மாதத்துச் சாதாரண நாட்களில் இது நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தை அடைவதற்கு மேலும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். அதுவரை உஷ்ணமானி ஏறிக்கொண்டே செல்லும்.

கடற்காற்றுக்கு எதிரி மேல்காற்று. மேற்கு மலைத் தொடரைக் கடந்து இறங்கும் இக்காற்று, ஈரத்தை மலைக்கு அப்பால் விட்டுவிட்டு வறண்டு, சூடேறி வருகின்றது. மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று தாமதிக்கும். சில நாட்களில் உட்பகுதியை எட்டாமலே போகும். அந்நாட்களே மிகக் கொடிய நாட்கள்.

பஞ்சாங்கத்தில் அக்கினி நட்சத்திரம் என்றும், வழக்கில் கத்திரி என்றும் சொல்லப்படும் காலம் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28ஆம் தேதி வாக்கில் முடிகின்றது. கத்திரி கழிந்தவுடன் அபாயமும் கழிந்ததாக எண்ணுவது பொது வழக்கம். ஆனால் சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரி செல்ஸியஸ் எட்டிய நாள் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதியாகும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று பலப்படும்போது, கேரளத்தில் மழை பெய்துகொண்டிருக்க, இவ்வட்டாரத்தில் மேல்காற்று ஓங்கிக் கடற்காற்றைத் தடுப்பதுண்டு. ஆகவே பஞ்சாங்கத் தேதியைக் காட்டிலும், அன்றன்று வீசும் காற்றின் திசையே நம்பத்தக்க அடையாளம். பகல் ஒரு மணிக்கும் மேற்கிலிருந்து காற்று வீசுமாயின், அன்று மாலை வரை திறந்தவெளி வேலை தகாது என்று கொள்ளவேண்டும்.

3. உஷ்ணமானி கூறாதது

அறிக்கையில் வெளியாகும் வெப்ப அளவு, காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில், தரைக்குச் சுமார் நான்கடி உயரத்தில் எடுக்கப்படுவது. நேர் வெயிலில் நாற்றுப் பறிப்பவரும், தகரக் கூரையின் கீழ் மூட்டை ஏற்றுபவரும் அனுபவிக்கும் வெப்பம் இதனினும் மிக அதிகம்.

ஈரப்பதத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மனித உடல் வேர்வை உலர்வதால் குளிர்கின்றது. ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் உலர்ந்தால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வேர்வை உலராமல் வழிந்து சொட்டும்; சொட்டிய வேர்வையால் உடல் குளிர்வதில்லை. அமெரிக்க வானிலை இலாகாவின் வெப்பச் சுட்டுக் கணக்கின்படி, 40 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 30 ஈரப்பதமும் உள்ள இடத்தில் உடலுக்கு 43 டிகிரி போலத் தோன்றும். 34 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 70 ஈரப்பதமும் உள்ள இடத்திலோ 46 டிகிரிக்கு மேற்பட்டதாகத் தோன்றும். ஆகவே, கடற்காற்று வந்து உஷ்ணமானி இறங்கியதைக் கண்டு அபாயம் நீங்கிற்று என்று கடும் வேலையில் இறங்குவது தவறு. புழுக்கமான மாலையிலும் இடையிடையே ஓய்வும் நீரும் அவசியம்.

இரவும் கவனிக்கத்தக்கது. மே மாதத்தில் இப்பக்கத்து இரவு வெப்பம் பல நாட்களில் 28 டிகிரிக்குக் கீழ் இறங்குவதில்லை. தகரம் அல்லது கல்நார்க் கூரையின் கீழ் பலர் நெருங்கிப் படுத்திருக்கும் விடுதிகளில் உடல் இளைப்பாற வழியில்லை. நல்ல உறக்கமின்றி மறுநாள் வேலைக்குச் செல்பவரை வெப்பம் எளிதில் வீழ்த்தும்.

4. "வெப்ப அலை" என்ற சொல்லின் பொருள்

இந்திய வானிலை இலாகா கடலோர நிலையங்களுக்கு வகுத்துள்ள விதி யாதெனில், அதிகபட்ச வெப்பம் 37 டிகிரிக்குக் குறையாமலும், அந்நாளின் சராசரிக்கு மேல் 4.5 டிகிரியேனும் கூடுதலாகவும் இருந்தால் மட்டுமே வெப்ப அலை எனப்படும். சமவெளி நிலையங்களுக்கு 37க்குப் பதில் 40 டிகிரி. கூடுதல் 6.4 டிகிரியைக் கடந்தால் கடும் வெப்ப அலையாகும்.

மே மாதத்தில் சென்னையின் சராசரி அதிகபட்சமே ஏறக்குறைய 37 டிகிரி. ஆகவே 41.5 டிகிரியை எட்டாதவரை அங்கே வெப்ப அலை என்று சாதாரணமாக அறிவிக்கப்படமாட்டாது. 39 டிகிரியும் மிகுந்த ஈரமும் கூடிய ஒரு நாள், அறிவிப்பு ஏதுமின்றியே மனிதரை மாய்க்கக்கூடும். அறிவிப்பு வந்தால் ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். அறிவிப்பு வராமையை அபயமாகக் கொள்ளலாகாது. தமிழ்நாடு அரசாங்கம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்தது. இவ்விஷயத்தைச் சங்கங்கள் அங்கத்தினருக்குத் தெரிவித்தல் நன்று.

5. முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

சென்னையில் 1792ஆம் ஆண்டில் வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய வானிலை இலாகா 1875இல் தோன்றியது. விவசாயிகளுக்கென வானொலியில் வானிலை அறிக்கை 1945 முதல் ஒலிபரப்பாகி வருகின்றது. இப்போது நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை மையத்தின் அறிக்கைகள் வானொலி, தினசரி, கைப்பேசி ஆகிய யாவற்றிலும் கிடைக்கின்றன. விவசாயத்துக்கான ஆலோசனை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றது. கிடைப்பதில் குறையில்லை, பொருள் அறிந்து படிப்பதிலேயே குறை உள்ளது.

முதலாவது, இடத்தைக் குறிக்கும் சொற்கள். "ஓரிரு இடங்களில் மழை" என்றால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களுள் நூற்றுக்கு 25 வரையானவற்றில் மழை எதிர்பார்க்கப்படுகிறது. "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 வரை. "அநேக இடங்களில்" என்றால் 51 முதல் 75 வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். ஓரிரு இடங்களில் மழை என்று அறிவித்த நாளில் ஒரகடத்தில் கொட்டி, ஸ்ரீபெரும்புதூரில் தூறலும் இல்லாதிருப்பது அறிக்கையின் பிழையாகாது.

இரண்டாவது, அளவைக் குறிக்கும் சொற்கள். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் முதல் 11.5 வரை பெய்வது கனமழை. அதற்கு மேல் 20.4 வரை மிகக் கனமழை. அதையும் கடந்தது அதி கனமழை. இந்நாள், காலை 8.30 மணி தொடங்கி மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படும்.

மூன்றாவது, நிறங்கள். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கவனித்திருக்கவேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும்.

நான்காவது, காலம். மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பு ராடார் காட்டும் மேகத்தைக் கண்டு சொல்லப்படுவதால் மிக நம்பத்தக்கது. நாளைக்கான அறிவிப்பு பெரும்பாலும் நம்பத்தக்கது. ஐந்து நாளுக்கு அப்பாற்பட்டது போக்கை மட்டுமே காட்டும். இதற்கு உதாரணம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் வங்கக் கடலில் உண்டான "ஃபானி" புயல். அது தமிழ்நாட்டின் வடகரையை நெருங்கக்கூடும் என்று ஆரம்பத்தில் கருதப்பட்டது. நாளுக்கு நாள் அறிக்கை திருத்தப்பட்டது. புயல் வடக்கே திரும்பி, மே 3ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் பூரிக்கு அருகே கரை கடந்தது. எதிர்பார்த்த மழை இங்கே வரவில்லை. அவ்வாண்டு ஜூனில் செம்பரம்பாக்கம் உட்படச் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. முதல் நாள் அறிக்கையை மட்டும் கேட்டு அமர்ந்தவருக்கு அது பொய்யாயிற்று. தினந்தோறும் கேட்டவருக்கு அது உரிய காலத்தில் மாறியது.

6. கோடை இடிமழை

உள்ளே வரும் ஈரக் கடற்காற்றும் எதிரே வரும் சூடான மேல்காற்றும் சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழுந்து இடிமேகமாகின்றது. கோடை மாலைகளிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இரவுகளிலும் இப்பக்கம் பெய்யும் மழையில் ஒரு பகுதி இவ்வாறு உண்டாவதே. ஐப்பசி, கார்த்திகை மழையே இவ்வட்டாரத்துக்குப் பெருமழையெனினும், கோடை மழையை அலட்சியம் செய்யலாகாது. ஓர் ஏக்கரில் 2 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 80,000 லிட்டர் நீர் கிடைக்கின்றது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் இது ஏழு நடையை நெருங்கும். கோடை உழவு செய்த நிலமும், தூர் வாரிய வரத்துக் கால்வாயும் இந்நீரைக் காக்கும்.

இதே மழை நவரை நெல்லுக்குச் சத்துருவாகவும் வரும். நவரை அறுவடை ஏப்ரல், மே மாதங்களில் நிகழ்வதால் களத்தில் நெல் குவிந்திருக்கும் வேளையும் இடிமழை வேளையும் ஒன்றாகின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரம் நூற்றுக்கு 17க்கு மேற்பட்டால் தடை நேர்கின்றது. காலையில் அறிக்கை கேட்டு, மாலை மூன்று மணிக்குள் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போர்த்துவது, ஒரு வருஷத்து உழைப்பைக் காக்கும் செயல்.

சொர்ணவாரிப் பயிருக்கு வேறோர் அபாயம் உண்டு. நெற்பூ முற்பகலில் மலர்கின்றது. அவ்வேளையில் வெப்பம் 35 டிகிரிக்கு மேற்பட்டால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். விதைக்கும் தேதியைத் தீர்மானிக்கும்போதே பூக்கும் காலம் எப்போது வரும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பூக்கும் நாட்களில் வயலில் நீர் வற்றவிடலாகாது.

மின்னலைக் கண்டபின் இடியோசை 30 விநாடிக்குள் கேட்டால், இடி ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே வயலையும் ஏரிக்கரையையும் விட்டுக் கட்டடத்தினுள் செல்லவேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்குதலும், மாடுகளை மரத்தில் கட்டுதலும் கூடா. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிந்தபின்னரே வெளியே வரலாம்.

7. உடலைக் காக்கும் முறை

வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவரும், நோய்ப்பட்டு எழுந்தவரும், நெடுநாள் விடுப்புக்குப் பின் திரும்பியவரும் முதற் சில நாட்களிலேயே அதிகமாக விழுகின்றனர். அவர்களுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுத்து, நாளுக்கு நாள் சிறிது கூட்டுதல் வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்து தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும்.

தாகம் எடுக்குமுன்னரே நீர் பருகவேண்டும். மோர், நீராகாரம், இளநீர் ஆகியவை நல்லன. வேர்வை மிகுதியாகப் போனவருக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் கண்டால் நிழலில் படுக்கவைத்து நீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிவர். பேச்சுக் குழறுதல், சித்தம் தடுமாறுதல், நினைவிழத்தல், உடல் அனலாகக் கொதித்தல் ஆகியவை வெப்பத்தாக்கின் குறிகள். இது உயிருக்கு அபாயமானது. உடனே 108க்குச் செய்தி சொல்லி, வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறவேண்டும். ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கவேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றலாகாது. முதலில் குளிர்விப்பது, பின்னர் கொண்டுசெல்வது என்பதே முறை.

கலப்பினப் பசுக்கள் நாட்டு மாடுகளைவிட வெப்பத்துக்கு மிக அஞ்சும். நிழலும், நாளில் பலமுறை நீரும், காலை மாலைத் தீவனமும் கொடுக்காவிடில் பால் குறையும். கறந்த பாலைத் தாமதமின்றிச் சங்கத்தில் சேர்க்கவேண்டும்.

8. சங்கம் செய்யத்தக்கவை

(அ) சங்கக் கட்டடத்தின் முன் கரும்பலகை ஒன்றில் தினந்தோறும் காலையில் எதிர்பார்க்கும் வெப்பம், ஈரப்பதம், மழை, எச்சரிக்கை நிறம் ஆகியவற்றை எழுதுதல்.

(ஆ) மழைமானி ஒன்று நிறுவி, காலை 8.30 மணிக்கு அளந்து பதிவேட்டில் குறித்தல். சில வருஷக் குறிப்பு சேர்ந்தபின் அவ்வூரின் மழைக்குணம் தெளிவாகும்.

(இ) பொதுவில் தார்ப்பாய்களும் ஈரமானியும் வாங்கி வாடகைக்குக் கொடுத்தல். தனியொருவருக்குப் பாரமான செலவு பலருக்குச் சிறிதாகும்.

(ஈ) கோடை மாதங்களில் வயல் வேலையையும் பொது வேலையையும் விடியற்காலை தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடிக்கும்படி ஊரார் ஒப்பந்தம் செய்துகொள்ளுதல். கூலி குறையாமலிருப்பது இதன் முக்கிய நிபந்தனை. குறைந்தால் ஏழைகள் வெயிலிலேயே நிற்பர்.

(உ) தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் ஆகியவற்றின் ஜாபிதா ஒன்று தயாரித்து, ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் பகல் இரண்டு மணிக்கு ஒருவர் நேரில் சென்று பார்த்துவருதல்.

இவற்றுள் முதலாவதும் கடைசியும் பணச் செலவில்லாதவை. மனமிருந்தால் நாளையே தொடங்கலாம்.

சங்கக் கூட்டத்தில் விவாதிப்பதற்கான வினாக்கள்

1. கடற்காற்று இக்கிராமத்தை எத்தனை மணிக்கு அடைகின்றது? ஒரு வாரம் குறித்துப் பார்த்து விடை கூறுக.

2. 34 டிகிரியில் மயக்கம் வருவதும் 40 டிகிரியில் வராதிருப்பதும் எக்காரணத்தால் நேரலாம்?

3. "ஓரிரு இடங்களில் கனமழை, மஞ்சள் எச்சரிக்கை" என்ற அறிக்கை காலையில் வந்தால், களத்தில் நெல் வைத்திருப்பவர் செய்யவேண்டியது என்ன?

4. சென்ற கோடையில் வெப்பத்தாலோ மழையாலோ இடியாலோ இவ்வூருக்கு நேர்ந்த நஷ்டங்கள் எவை? அவற்றுள் எவை ஒரு நாள் முன்னறிவிப்பால் தவிர்த்திருக்கத்தக்கவை?

5. பகல் இரண்டு மணிக்கு முதியோர் வீடுகளைப் பார்த்துவரும் பொறுப்பை எந்தெந்த அங்கத்தினர் ஏற்பர்? பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்க.